நான்கு நிறுத்தம் தள்ளி ஒரு கொலை

கோபன்ஹேகன் மெட்ரோவின் எம்1 தடத்தில் ஓடும் ரயிலுக்கு ஓட்டுநர் கிடையாது. அதனால் முன் கண்ணாடியை ஒட்டிய இருக்கைக்குக் குழந்தைகளோடு பெரியவர்களும் போட்டி போடுகிறார்கள். நவம்பர் மாதத்தில், மழை தூறிக்கொண்டிருந்த ஒரு மதியம் எனக்கு அந்த இருக்கை வாய்த்தது. இஸ்லண்ட்ஸ் ப்ரூகெ நிலையம் வரை சுரங்கம். அதைத் தாண்டியதும் ரயில் மேலேறி வெளிச்சத்துக்கு வந்து, நீலத்திரை போர்த்திய ஒரு பெரிய கனசதுரத்தின் அருகே நிற்கிறது. டிஆர் எனப்படும் டென்மார்க்கின் பொது ஒலிபரப்பு நிறுவனம் இங்கேதான் இருக்கிறது. நீலக் கட்டடம் அதன் கச்சேரி அரங்கம். பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர் ழான் நூவெல் வடிவமைத்தது, 2009இல் திறந்தார்கள்.

அங்கிருந்து நான்காவது நிறுத்தம் வெஸ்டமாகர். தடம் அதோடு முடிகிறது. இறங்கி அடுக்குமாடிகளுக்கு முதுகைக் காட்டி நடந்தால் கொஞ்ச நேரத்தில் ஊரும் முடிந்துவிடும். கால்வாய்கள், கோரைப்புல், ஈரத்தில் நின்றபடி மேயும் மாடுகள், அவற்றுக்கு அப்பால் தட்டையான வானம். கால்வெபோட் சமவெளி என்று பெயர். 1940களில் அணைகட்டிக் கடலிடமிருந்து மீட்ட நிலம். வெகுகாலம் ராணுவத்தின் துப்பாக்கிப் பயிற்சிக் களமாக இருந்தது. தெற்குக் கோடியில் யாரும் நடாமல் தானாக முளைத்த பிர்ச் மரக்காடு ஒன்று இருக்கிறது. 2007இல் டிஆர் ஒளிபரப்பிய ‘ஃபோர்ப்ரிடெல்சன்’ தொடரில், வெளிநாட்டுக்காரர்கள் ‘தி கில்லிங்’ என்று அறிந்த அந்தத் தொடரில், நன்னா பிர்க் லார்சன் என்ற பள்ளி மாணவி உயிருக்குப் பயந்து ஓடுவது இந்தக் காட்டில். அவள் உடலை டிக்கியில் அடைத்த கார் கிடைப்பது ஒரு கால்வாயில். தொடரை எடுத்த நிறுவனத்திலிருந்து அவர்கள் காட்டிய கொலைக்களத்துக்கு நான்கு நிறுத்தம்தான்.

டேனிஷ் தொடர்களும் படங்களும் ஏன் இப்படிப் பிடித்துக்கொள்கின்றன என்று கேட்பவர்களிடம் இருட்டு, பனி, மௌனம் என்றுதான் எல்லோரும் பதில் சொல்கிறார்கள். இருட்டும் பனியும் ஃபின்லாந்தில் இன்னும் அதிகம். நான் அந்தப் புல்வெளியில் நின்று யோசித்தது வேறு. ஏறக்குறைய அறுபது லட்சம் பேர் வாழும் நாட்டில் எதுவுமே எதிலிருந்தும் தொலைவில் இல்லை. அந்தத் தொடரில் மேயராகத் துடிக்கிறவரும், வீட்டுச் சாமான் ஏற்றி இறக்கும் லாரிக்காரரும், துப்பறியும் பெண்ணும் ஒரே மழையில் நனைகிறார்கள். ஒருவர் வீட்டில் விழும் கல் மூன்று பேர் தலையிலும் பட்டே தீரும். இந்த நெருக்கத்தைத்தான் அவர்கள் கதையாக்கத் தெரிந்து வைத்திருக்கிறார்கள்.

‘தி கில்லிங்’ முதல் பருவத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே ஒரு கொலை. இருபது பகுதிகள். ஒவ்வொரு பகுதியும் விசாரணையின் ஒரு நாள். நமக்குப் பழக்கமான துப்பறியும் கதையில் பிணம் விழுந்த ஐந்தாவது நிமிடத்தில் பெற்றோர் அழுவார்கள்; பத்தாவது நிமிடத்தில் கதை அவர்களைக் கைகழுவிவிட்டுத் துப்பறிவாளரின் பின்னால் ஓடும். இங்கே தாயும் தகப்பனும் கடைசிவரை கூடவே இருக்கிறார்கள். மகளைத் தேடிக் காரோட்டிக்கொண்டு வரும் தகப்பன் தைஸ், போலீஸ் வளைத்து நிற்கும் இடத்துக்கே வந்து சேர்கிறான். கைபேசியில் மனைவி பெர்னிலெ இணைப்பில் இருக்கிறாள். அவன் கத்துவது அவள் காதில் விழுகிறது. என்ன நடந்தது என்று யாரும் அவளுக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அந்த ஒரு காட்சிக்குப் பிறகு இருபது மணிநேரமும் நாம் அந்த வீட்டுச் சமையலறையை விட்டு நகர முடியாது. பாத்திரம் கழுவுகிறார்கள், மற்றப் பிள்ளைகளுக்கு உடை மாட்டுகிறார்கள், கணக்கு வழக்குப் பார்க்கிறார்கள். துக்கம் அதற்கு நடுவில் உட்கார்ந்திருக்கிறது.

எழுதியவர் சோரன் ஸ்வைஸ்ட்ரூப். கொலையாளி யார் என்பதை நடிகர்களிடமே கடைசிவரை சொல்லாமல் வைத்திருந்தார். டேனிஷ் தொலைக்காட்சி அந்த இருபது பகுதிகளையும் இரண்டாகப் பிரித்து, பாதியை ஆண்டின் தொடக்கத்திலும் மீதியை இலையுதிர் காலத்திலும் காட்டியது. இடைப்பட்ட மாதங்களில் நாடே துப்பறிந்துகொண்டிருந்தது. சாரா லுண்ட் என்ற அதிகாரியாக நடித்த சோஃபி க்ரோபோல் அணிந்த ஸ்வெட்டர், ஃபாரோ தீவுகளில் கையால் பின்னியது, தனியாக ஒரு நட்சத்திரமாகிவிட்டது. அமெரிக்கர்கள் சியாட்டிலுக்குக் கொண்டுபோய் மறுபடி எடுத்தார்கள். இந்தியில் கொங்கொனா சென் ஷர்மாவை வைத்து எடுத்திருக்கிறார்கள். மழையை எங்கே வேண்டுமானாலும் பெய்ய வைக்கலாம். அந்தச் சமையலறையைப் பெயர்த்துக் கொண்டுபோவது அவ்வளவு எளிதல்ல.

இந்தத் தொடர்கள் தற்செயலாக விளைந்தவை அல்ல. டிஆரின் நாடகப் பிரிவு தனக்கென்று சில விதிகளை வகுத்துக்கொண்டது. முதலாவது, எழுத்தாளர் கண்ட கனவுதான் தொடர். இயக்குநர் முதல் ஒளிப்பதிவாளர் வரை எல்லோரும் அதற்குள் நின்று வேலை செய்ய வேண்டும். இரண்டாவது, எந்தக் கதைக்கும் இரண்டு அடுக்கு வேண்டும். மேலே கொலையோ தேர்தலோ பங்குச் சண்டையோ ஓடலாம்; அடியில் சமூகத்தைப் பற்றி ஒரு கேள்வி ஓடியே ஆக வேண்டும். மக்கள் பணத்தில் எடுக்கிறோம், வெறுமே பொழுதைப் போக்கிவிட்டுப் போக முடியாது என்ற கணக்கு. ஞாயிற்றுக்கிழமை இரவு எட்டு மணி என்பது அவர்களின் நேரம். மறுநாள் அலுவலகத்தில் காபி இயந்திரத்தைச் சுற்றி நின்று பேசுவதற்காகவே எடுத்த தொடர்கள் இவை. வெளிநாட்டில் விற்கும் என்று யாரும் திட்டம் போடவில்லை. விற்றதற்குக் காரணமும் அதுதான் என்பது என் கட்சி.

2018இல் அரசு டிஆரின் நிதியில் ஐந்தில் ஒரு பங்கை வெட்ட முடிவெடுத்தது. வீட்டுக்கு வீடு கட்டிய உரிமக் கட்டணமும் படிப்படியாகப் போய், வரிப்பணத்திலிருந்து பங்கு என்றாகிவிட்டது. அதே காலத்தில் நெட்ஃபிளிக்ஸும் டேனிஷ் தொடர்களை எடுக்கத் தொடங்கியது. ஸ்வைஸ்ட்ரூப் எழுதிய நாவலிலிருந்து 2021இல் வந்த ‘தி செஸ்ட்நட் மேன்’ நெட்ஃபிளிக்ஸ் தயாரிப்பு. விறுவிறுப்பாக இருக்கிறது, ஆறே பகுதி. ஒரு மழை நாளில் முடித்துவிடலாம். முடித்த மறுநாள் யார் செத்தார்கள் என்பதே நினைவிருக்காது.

பாராளுமன்றத்துக்கு நடந்தே போனேன். கிறிஸ்டியான்ஸ்போர்க் அரண்மனை ஒரு சின்னத் தீவில் நிற்கிறது. பாராளுமன்றம், பிரதமர் அலுவலகம், உச்ச நீதிமன்றம் மூன்றும் ஒரே கூரையின் கீழ். போதாததற்கு அரச குடும்பத்தின் வரவேற்பு மண்டபங்களும் அங்கேயே. பாராளுமன்றத்தின் வாசலுக்கு மேலே கல்லில் செதுக்கிய நான்கு முகங்கள் உண்டு: தலைவலி, பல்வலி, காதுவலி, வயிற்றுவலி. உள்ளே போகும் உறுப்பினர்களுக்கு முன்னறிவிப்பு போலும். 106 மீட்டர் கோபுரத்துக்குப் பையைச் சோதித்துவிட்டு யாரை வேண்டுமானாலும் இலவசமாக ஏற்றிவிடுகிறார்கள். மேலிருந்து பார்த்தால் முற்றத்தில் வரிசையாகச் சைக்கிள்கள்.

‘போர்கன்’ தொடர் இந்தக் கட்டடத்தின் செல்லப்பெயரையே தலைப்பாக வைத்துக்கொண்டது. 2010இல் முதல் பருவம். பிர்கிட்டெ நூபோர்க் என்ற மிதவாதத் தலைவி எதிர்பாராமல் நாட்டின் முதல் பெண் பிரதமராகிறாள். சிட்ஸெ பபெட் க்னுட்சன் நடித்தது. அடுத்த ஆண்டே ஹெல்லெ தோர்னிங்-ஷ்மிட் நிஜமாகவே முதல் பெண் பிரதமரானார். அதைவிட வேடிக்கை, நூபோர்க்கின் கற்பனைக் கட்சிக்கு வைத்த பெயரை ஏறக்குறைய அப்படியே, பல ஆண்டுகள் கழித்து, முன்னாள் பிரதமர் லார்ஸ் லோக்கெ ராஸ்முசன் தான் தொடங்கிய நிஜக் கட்சிக்குச் சூட்டினார். 2022 தேர்தலில் அந்தக் கட்சி 16 இடம் பிடித்து ஆட்சியில் பங்கும் வாங்கியது.

கூட்டணிப் பேரம் நம் ஊர்க்காரர்களுக்குப் புதிதில்லை. ‘போர்கன்’ பார்க்கும்போது நமக்குப் புதிதாகத் தெரிவது ஆட்சி என்ற வேலை எவ்வளவு குடும்ப நேரத்தைத் தின்கிறது என்பது. முதல் பருவத்தில் பிர்கிட்டெயின் கணவன் ஃபிலிப் நல்லவன். மனைவிக்காகத் தன் வேலையை ஒதுக்கிவைத்தவன். தொடரை எழுதிய ஆடம் ப்ரைஸ் அவனை வில்லனாக்கவில்லை, தியாகியும் ஆக்கவில்லை. மெல்ல மெல்ல, அட்டவணைகளுக்கு நடுவில், ஒரு கல்யாணம் கரைவதைக் காட்டுகிறார். அந்த முதல் பருவமும் இரண்டாம் பருவமும் போதும். மூன்றாவதில் கொஞ்சம் சொற்பொழிவு வாடை. 2022இல் கிரீன்லாந்தின் எண்ணெயை வைத்து மீண்டும் எடுத்த பருவத்தில் பிர்கிட்டெ அதிகாரத்துக்காக எதையும் செய்பவளாக மாறியிருக்கிறாள். நடிப்புக்காகப் பார்க்கலாம். கிரீன்லாந்து மக்களுக்கு அதில் கதை குறைவு, நிலக்காட்சி அதிகம்.

ஸ்வீடனின் மால்மோவுக்குப் போகும் ரயில் கோபன்ஹேகன் மத்திய நிலையத்திலிருந்து விமான நிலையம் வழியாகப் போகிறது. விமான நிலையத்துக்கு அப்புறம் கடலுக்கடியில் சுரங்கம். பிறகு பெபர்ஹோல்ம் என்ற செயற்கைத் தீவு. அதன் பின் ஓரெசுண்ட் பாலம். 2000 ஜூலை 1 அன்று திறந்த இந்தப் பாலத்தின் நீளம் 7,845 மீட்டர். மேல்தளத்தில் கார்கள், கீழ்த்தளத்தில் ரயில்கள். குறுக்கு இரும்புகள் பளிச்பளிச்சென்று கடக்க, நடுவில் சாம்பல் நிறக் கடல். எதிரே உட்கார்ந்திருந்த நான்கு இளைஞர்களில் இருவர் டேனிஷ்காரர்கள், இருவர் ஸ்வீடன்காரர்கள். தத்தம் மொழியில் ஆரம்பித்தார்கள். மூன்றாவது நிமிடத்தில் நால்வரும் ஆங்கிலத்துக்குத் தாவிவிட்டார்கள்.

‘தி பிரிட்ஜ்’ தொடரில் மட்டும் இந்தத் தாவல் நடப்பதில்லை. 2011இல் இரு நாட்டுத் தொலைக்காட்சிகளும் சேர்ந்து தயாரித்தது. முதன்மை எழுத்தாளர் ஸ்வீடனின் ஹான்ஸ் ரோசன்ஃபெல்ட். பாலத்தின் விளக்குகள் அணைகின்றன. திரும்ப எரியும்போது எல்லைக்கோட்டின் மேல் சரியாக ஓர் உடல் கிடக்கிறது. தூக்கினால் இரண்டாக வருகிறது. மேல்பாதி ஸ்வீடன் அரசியல்வாதி, கீழ்ப்பாதி கோபன்ஹேகனில் உடல் விற்றுப் பிழைத்த பெண். முன்னதற்கு ஊர் திரள்கிறது. பின்னவள் காணாமல் போனதை அதுவரை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. டிஆர்காரர்கள் சொன்ன இரண்டாம் அடுக்கு இதுதான். நான்கு பருவம் ஓடியது. ஸ்வீடனின் சாகா நோரேனும் டென்மார்க்கின் மார்ட்டின் ரோதெயும் சேர்ந்து இருக்கும் முதல் இரண்டு பருவங்கள் முக்கியம். சாகாவுக்குப் பொய் சொல்லத் தெரியாது. மார்ட்டினுக்கு உண்மை சொல்ல நேரம் வாய்ப்பதில்லை. அவர்கள் இருவரும் காரில் போகும் காட்சிகளில் கொலையே மறந்துபோகிறது.

டேனிஷ் குற்றத் தொடர்கள் மேல் எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. கதை தொடங்க ஓர் இளம்பெண்ணின் பிணம் வேண்டும் என்பது சடங்கைப் போலாகிவிட்டது. இதற்கு மாற்றாக ஒன்றைச் சொல்வேன்: டோபியாஸ் லிண்ட்ஹோல்ம் 2020இல் எடுத்த ‘தி இன்வெஸ்டிகேஷன்’. ஸ்வீடன் பத்திரிகையாளர் கிம் வால் நீர்மூழ்கிக் கப்பலில் கொலையுண்ட நிஜ வழக்கு. ஆறு பகுதியிலும் கொலைகாரன் முகத்தையோ பெயரையோ காட்டவில்லை. நீரோட்டக் கணக்குப் போடுகிறவர்கள், மோப்ப நாய்களோடு படகில் போகிறவர்கள், தினமும் கடலில் இறங்கி வெறுங்கையோடு ஏறும் முக்குளிப்பவர்கள் என்று வேலை செய்கிற மனிதர்கள் மட்டும்தான்.

மால்மோவிலிருந்து திரும்பும்போது வடக்கே பார்த்தால் பார்செபெக் அணுமின் நிலையம் எங்கே என்று தேடத் தோன்றியது. லார்ஸ் வான் ட்ரையர் 1994இல் எடுத்த ‘தி கிங்டம்’ பார்த்தவர்களுக்குக் காரணம் புரியும். கோபன்ஹேகனின் பெரிய மருத்துவமனை. அதில் ஸ்டிக் ஹெல்மர் என்ற ஸ்வீடன் நரம்பு அறுவைச் சிகிச்சை மருத்துவர். டேனிஷ்காரர்களைக் கண்டாலே ஆகாது. இரவில் மொட்டைமாடிக்கு ஏறி, தொலைநோக்கியில் தன் நாட்டு அணு உலையைப் பார்த்துக் கண்கலங்கி, பிறகு டேனிஷ்காரர்களைத் திட்டித் தீர்ப்பார். எர்ன்ஸ்ட்-ஹியூகோ யேரெகோர்ட் நடித்தது, ஸ்வீடன்காரர்களும் சிரித்தார்கள். அணு உலை 2005இல் மூடப்பட்டுவிட்டது. மின்தூக்கியில் பேய் அழுகிறது, நோயாளியாக நடித்து வார்டில் இடம் பிடித்த கிழவி பேயோடு பேசுகிறாள், பாத்திரம் கழுவும் அறையில் டவுன் சிண்ட்ரோம் உள்ள இருவர் மேலே நடப்பதையெல்லாம் தெரிந்தபடி அமைதியாகத் தட்டு அடுக்குகிறார்கள். பயமும் சிரிப்பும் இப்படி ஒரே தட்டில் வேறெங்கும் கிடைக்காது.

வான் ட்ரையரின் கூடாரம் அவெதோரெயில் இருக்கிறது, நகரத்துக்குத் தென்மேற்கே. புறநகர் ரயிலில் போனால் பக்கம்தான். பழைய ராணுவ முகாமைச் சினிமாக்காரர்கள் எடுத்துக்கொண்டு சினிமா நகரம் என்று பெயர் வைத்துவிட்டார்கள். சினிமா நகரம் என்றதும் நாம் கற்பனை செய்யும் எதுவும் அங்கே கிடையாது. மஞ்சள் சுவர் நீள்கட்டடங்கள், ஈரமான மைதானம், சைக்கிள் நிறுத்துமிடம். டாக்மே 95 கூட்டத்தின் படங்கள் சிலவற்றைத் தயாரித்த ஸென்ட்ரோப்பா நிறுவனம் இந்தப் பட்டாளக் குடியிருப்பில்தான் வேரூன்றியது.

1995 மார்ச்சில் வான் ட்ரையரும் தாமஸ் விண்டர்பெர்க்கும் டாக்மே 95 என்ற பெயரில் பத்து விதிகள் எழுதிக் கையெழுத்திட்டார்கள். சில நாளில் பாரிஸில் சினிமாவின் நூற்றாண்டுக் கூட்டம். வான் ட்ரையர் பேச எழுந்து, சிவப்புத் துண்டுப் பிரசுரங்களைக் கூட்டத்தை நோக்கி வீசிவிட்டுப் போனார். படப்பிடிப்பு நிஜ இடத்தில்தான். வெளியிலிருந்து பொருள் கொண்டுவரக் கூடாது. கேமரா கையில்தான் இருக்க வேண்டும். தனி ஒளியமைப்பு கூடாது. பின்னணி இசை சேர்க்கக் கூடாது. துப்பாக்கிச் சண்டை கூடாது. இயக்குநர் பெயரைப் போடக் கூடாது. பாதி விளையாட்டு, பாதி வைராக்கியம். விதிகளை அவர்களே ஆங்காங்கே மீறவும் செய்தார்கள்.

டாக்மே கூட்டத்தின் முதல் படம் விண்டர்பெர்க்கின் ‘ஃபெஸ்டன்’, 1998. நான் முழு மனதோடு எல்லோருக்கும் சொல்லும் டேனிஷ் படம் இதுதான். பெரிய வீட்டு எஜமானர் ஹெல்கெயின் அறுபதாம் பிறந்தநாள். உறவெல்லாம் கூடியிருக்கிறது. மூத்த மகன் கிறிஸ்டியான் கண்ணாடிக் கோப்பையைத் தட்டி எழுந்து நிற்கிறான். இரண்டு பேச்சு எழுதி வைத்திருக்கிறேன், பச்சைக் காகிதமா மஞ்சள் காகிதமா, அப்பா நீங்களே தேர்ந்தெடுங்கள் என்கிறான். அப்பா சிரித்துக்கொண்டே பச்சை என்கிறார். குழந்தைப் பருவத்தில் தகப்பன் தனக்கும் இறந்துபோன தன் இரட்டைச் சகோதரிக்கும் செய்ததை அவன் நிதானமான குரலில் வாசித்துவிட்டு உட்காருகிறான். அதன் பிறகுதான் படத்தின் கொடூரம். விருந்து தொடர்கிறது. சூப் வருகிறது. அடுத்தவர் எழுந்து வாழ்த்துகிறார். கல்யாண வீட்டில் ஒருவர் நிஜத்தைப் போட்டு உடைத்தால் சுற்றியிருப்பவர்கள் இலையைப் பார்த்துக் குனிந்து சாப்பிடத் தொடங்குவதைப் பார்த்தவர்களுக்கு இந்தக் காட்சி விளங்கும். யாரும் கிளம்பிவிடாதபடி சமையற்காரர்கள் விருந்தினர் அறைகளில் புகுந்து கார்ச்சாவிகளை எடுத்து ஒளித்துவைக்கிறார்கள். எஜமானர் வீட்டு ரகசியம் அடுப்படிக்குத்தான் முதலில் தெரிந்திருக்கும். கேமரா கல்யாண வீடியோ எடுக்கும் சிறிய டிஜிட்டல் கேமரா. படம் சிதறுகிறது, புள்ளிபுள்ளியாகத் தெரிகிறது. இந்தக் கதையை வேறெப்படியும் எடுத்திருக்கக் கூடாது.

விண்டர்பெர்க்கின் ‘தி ஹண்ட்’ 2012இல் வந்தது. ‘ஃபெஸ்ட’னைத் திருப்பிப் போட்ட கதை: குற்றம் செய்யாத பாலர் பள்ளி ஆசிரியர்மேல் பழி விழுகிறது, சின்ன ஊர் முழுக்க அவனுக்கு எதிராகத் திரும்புகிறது. மேட்ஸ் மிக்கல்சனுக்குக் கான் விழாவில் சிறந்த நடிகர் விருது. எட்டு ஆண்டு கழித்து அதே இருவரின் ‘அனதர் ரவுண்ட்’. நான்கு பள்ளி ஆசிரியர்கள், ரத்தத்தில் 0.05 சதவீதம் மது குறைவாக இருப்பதுதான் மனிதனின் பிரச்சினை என்று ஒரு கொள்கையைப் பிடித்துக்கொண்டு, பள்ளிக்கூட நேரத்திலேயே குடித்துப் பார்க்கிறார்கள். நம் ஊரில் இப்படி ஒரு படம் எடுத்தால் முடிவில் கல்லறை காட்ட வேண்டியிருக்கும், அல்லது பாட்டு வைக்க வேண்டியிருக்கும். விண்டர்பெர்க் இரண்டையும் வைத்திருக்கிறார், ஒரே நாளில். படப்பிடிப்பு தொடங்கிய நான்காம் நாள் அவருடைய மகள் கார் விபத்தில் இறந்துபோனாள். படத்தில் மிக்கல்சனின் மகளாக நடிக்க வேண்டியவள். அவள் படித்த வகுப்பறையில், அவள் வகுப்புத் தோழர்களை வைத்தே சில காட்சிகளை எடுத்தார். கடைசியில் துறைமுகக் கரையில் பட்டமளிப்புத் தொப்பி போட்ட பிள்ளைகள் நடுவே மிக்கல்சன் ஆடுகிறார். அவர் நடிகராவதற்கு முன் நடனக்காரர். இழவு வீட்டிலிருந்து நேராக வந்தவனின் ஆட்டம் அது. 2021இல் ஆஸ்கர் வாங்கியது.

நகரத்துக்குள் இன்னும் எத்தனையோ இருந்தன. வால்பியில் 1906இல் தொடங்கி இன்றும் நடக்கும் நோர்டிஸ்க் ஃபில்ம் நிறுவனம், அதன் சின்னமான பனிக்கரடி. வெஸ்டர்ப்ரோவில், நிக்கோலஸ் விண்டிங் ரெஃப்ன் 1996இல் ‘புஷர்’ படத்தில் போதைமருந்துக்காரர்களை ஓடவிட்ட தெருக்கள். இப்போது அங்கே விலையுயர்ந்த ரொட்டிக் கடைகள். நான் கிளம்பிவிட்டேன். யுட்லண்டின் வடமேற்குக் கரையைப் பார்க்க வேண்டியிருந்தது.

ஆல்போர்க் வழியாக ஹியோரிங் வரை ரயில், அங்கிருந்து பேருந்தில் லோன்ஸ்ட்ரூப். நாள் முழுதும் பிடித்த பயணம். கரைக்கு வந்தால் காற்று ஆளைத் தள்ளுகிறது. செங்குத்தான மண்குன்று, கீழே வடகடல். இந்தக் கடல் ஆண்டுதோறும் கரையைத் தின்றுகொண்டே வருகிறது. பக்கத்தில் ரூப்யெர்க் க்னூடெ கலங்கரை விளக்கம் விழுந்துவிடும் நிலைக்கு வந்ததால், 2019 அக்டோபரில் முழுக் கோபுரத்தையும் தண்டவாளத்தில் ஏற்றி 70 மீட்டர் உள்ளே நகர்த்தினார்கள். பதிமூன்றாம் நூற்றாண்டைச் சேர்ந்த மோரூப் தேவாலயத்துக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. கடலில் விழுமுன் கல் கல்லாகக் கழற்றி எடுத்துவிட்டார்கள்.

அந்தத் தேவாலயத்தின் அருகேதான் காப்ரியேல் ஆக்ஸல் சாம்பல் நிறத்தில் ஒரு கிராமத்தைச் செட் போட்டு ‘பபெட்டின் விருந்து’ எடுத்தார். 1987. கேரன் ப்ளிக்ஸனின் மூலக்கதை நார்வேயில் நடக்கிறது. அதை அவர் இந்தக் கரைக்கு மாற்றினார். டென்மார்க்குக்கு முதல் ஆஸ்கர் வாங்கித் தந்த படம். பக்திமான்களான இரண்டு முதிய சகோதரிகள். உலர்ந்த மீனும், பியரில் ஊறவைத்துக் காய்ச்சிய ரொட்டிக் கூழும்தான் ஊர்ச் சாப்பாடு. பாரிஸ் கலவரத்திலிருந்து தப்பிவந்து அவர்களிடம் பல ஆண்டுகளாகச் சமையல்காரியாக இருக்கும் பபெட்டுக்கு லாட்டரியில் 10,000 ஃபிராங்க் விழுகிறது. அத்தனையையும் ஒரே ஒரு விருந்துக்குச் செலவழிக்கிறாள். ஆமை சூப், மீன்முட்டை வைத்த தோசைகள், மாவுக்கூட்டில் வைத்த காடை. இது சாத்தானின் விருந்து, சாப்பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை பேசக் கூடாது என்று ஊர்க்காரர்கள் முன்கூட்டியே கட்டுப்பாடு செய்துகொள்கிறார்கள். விருந்தாளியாக வந்த தளபதி ஒருவருக்கு மட்டும் தட்டில் இருப்பது என்னவென்று தெரியும். ஒவ்வொரு வாய்க்கும் திகைத்து அக்கம்பக்கம் பார்க்கிறார். பக்கத்தில் இருப்பவர் வானிலை பற்றிப் பேசுகிறார். ஷாம்பெய்னைக் குடித்த கிழவி அதை எலுமிச்சைப் பானம் என்று நினைத்துக்கொள்கிறாள். கண்டிப்பும் சுவையும் இப்படி ஒரே மேசையில் முட்டிக்கொள்ளும் சிரிப்பை அந்தக் காற்றில் நின்று நினைத்துப் பார்த்தால் படத்தின் பாதிக் கதை நிலத்திலேயே எழுதியிருப்பது தெரிகிறது. இங்கே வேறென்ன சாப்பிட முடியும்?

தங்கிய விடுதியை நடத்துபவர் எழுபது தாண்டிய அம்மா. சீசன் முடிந்துவிட்டதால் நான் ஒருவர்தான் விருந்தாளி. டேனிஷ் தொடர்களுக்காக வந்தேன் என்றதும் என்னை மேலும் கீழும் பார்த்தார். “கொலையா? செய்தியிலேயே போதுமான அளவு வருகிறதே” என்றார். ‘போர்கன்’ கொஞ்சம் பார்த்தாராம். தொலைக்காட்சிக்குக் கீழே இருந்த இழுப்பறையைத் திறந்து தேய்ந்துபோன ஒரு டிவிடி பெட்டியை எடுத்து மேசைமேல் வைத்தார். ‘மாடடோர்’.

வெளியே யாருக்கும் பெரிதாகத் தெரியாத, டென்மார்க்கில் தெரியாதவர்களே இல்லாத தொடர். 1978 முதல் 1982 வரை ஓடியது, மொத்தம் 24 பகுதி. உருவாக்கியவர் பத்திரிகையாளர் லிஸெ நோர்கோர்ட். 2023ஆம் ஆண்டு பிறந்த அன்று, தமது 105ஆவது வயதில் காலமானார். கோர்ஸ்பெக் என்ற கற்பனை ஊர். கதை 1929இல் தொடங்கி, பொருளாதார வீழ்ச்சியையும் ஜெர்மன் ஆக்கிரமிப்பையும் கடந்து 1947இல் முடிகிறது. கோபன்ஹேகனுக்கு வடக்கே பாக்கன் பொழுதுபோக்குப் பூங்காவில் இந்த ஊரின் மாதிரியைக் கட்டினார்கள்.

அம்மா முதல் பகுதியைப் போட்டார். மாட்ஸ் ஸ்கியெர்ன் என்ற துணி வியாபாரப் பிரதிநிதி சின்னப் பையனைக் கையில் பிடித்துக்கொண்டு ஊரில் வந்து இறங்குகிறான். ஊரில் ஒரே துணிக்கடை, அர்னெசன் என்ற மிதப்பான முதலாளியுடையது. வாசலுக்கு வந்தவனை அவர் அலட்சியப்படுத்திவிடுகிறார். அவன் போகவில்லை. எதிரில் கடை போடுகிறான். “இனி இந்த ஆள் தூங்க மாட்டான்” என்று அர்னெசனைக் காட்டிச் சொன்னார் அம்மா. பன்றி வியாபாரி ஓலுஃப் லார்சன் வந்தபோது “என் பெரியப்பா இவர்தான்” என்றார். வங்கிக்காரர் வந்தபோது அவர் யார் என்றும், கம்யூனிஸ்ட் வந்தபோது ஊரில் இப்போது அந்த இடத்தில் இருப்பவர் யார் என்றும் விளக்கிக்கொண்டே வந்தார். எல்லோருக்கும் நிஜத்தில் ஒரு சொந்தக்காரர் இருந்தார். அர்னெசனின் கடை கடைசியில் என்ன ஆகிறது என்று கேட்டேன். சொல்ல மறுத்துவிட்டார்.

“அடுத்ததைப் போடட்டுமா?” என்றார். ஹியோரிங் பேருந்து காலையில் சீக்கிரமே கிளம்பிவிடும் என்பது இருவருக்கும் தெரியும். போடச் சொன்னேன்.